டிஸ்கஸ் அபவுட், ஆங்ரி ஆன், விதின் ஃபைவ் ஓ கிளாக்: பிரிபொசிஷன் பிசகும்போது எங்கே பார்ப்பது

எங்கள் ஊர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். விடுப்புக் கடிதம், வேலைக்கு விண்ணப்பம், புகார் மனு, கம்பெனிக்கு அனுப்பும் மெயில் என்று தினமும் பத்துப் பதினைந்து ஆங்கிலத் தாள்கள் என் மேசைக்கு வரும். எழுத்துப்பிழை இருந்தால் கம்ப்யூட்டரே சிவப்புக் கோடு போட்டுக் காட்டிவிடும். காலப்பிழையை எழுதியவரே இன்னொரு முறை படிக்கும்போது பிடித்துவிடுவார். கடைசியில் மிஞ்சுவது பிரிபொசிஷன்தான். இன், ஆன், அட், டு, ஃபார், வித், பை என்ற இந்தக் குட்டிச் சொற்களில் பட்டம் வாங்கியவர்களும் தடுமாறுகிறார்கள்.

வருஷக்கணக்காகத் திருத்தியதில் ஒன்று தெரிந்தது. பிழைகள் ஆயிரம் வகை இல்லை. ஏழெட்டு வகைதான் மாறி மாறி வருகின்றன. அநேகமாக எல்லாமே, மனசில் ஓடும் தமிழ் வாக்கியத்தின் உருபை ஆங்கிலத்துக்குத் தூக்கிக்கொண்டு போவதால் வருபவை. யாரும் இதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. அறிகுறியைப் பார்த்து, சுலபமான காரணத்திலிருந்து தொடங்கிச் சோதித்தால் பெரும்பாலானவற்றை நீங்களே சரிசெய்துவிடலாம்.

எதற்கும் முன்னால்: அந்தச் சொல் யாருடையது?

சந்தேகம் வந்த பிரிபொசிஷனை விரலால் மறைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் இருக்கும் சொல் அதைக் கேட்கிறதா, பின்னால் வரும் சொல் கேட்கிறதா என்று பாருங்கள். "வெயிட்டிங் ஃபார் தி பஸ்" என்பதில் 'ஃபார்' வெயிட்டிங்குக்குச் சொந்தம். பஸ்ஸை எடுத்துவிட்டு அம்மா, ரிசல்ட், மழை என்று எதைப் போட்டாலும் 'ஃபார்' மாறாது. "ஆன் மண்டே" என்பதில் 'ஆன்' கிழமைக்குச் சொந்தம். முன்னால் கம், கோ, மீட் என்று எது வந்தாலும் அது 'ஆன்' தான்.

முன்சொல்லுக்குச் சொந்தமானால் அந்த முன்சொல்லைத்தான் அகராதியில் தேட வேண்டும். பின்சொல்லுக்குச் சொந்தமானால் அது இடமா, நேரமா, கருவியா என்று பார்த்தாலே விடை கிடைத்துவிடும். இதைச் செய்யாமல் 'இன்' என்றால் என்ன அர்த்தம் என்று தேடப்போவதில்தான் நேரம் வீணாகிறது.

அறிகுறி 1: தேவையில்லாத இடத்தில் ஒரு பிரிபொசிஷன் ஒட்டிக்கொண்டிருக்கிறது

என் கடையில் இதுதான் அதிகம். "வி டிஸ்கஸ்ட் அபவுட் தி ப்ராப்ளம்", "ஐ ரெக்வெஸ்ட் ஃபார் டூ டேஸ் லீவ்", "ஹி என்டர்ட் இன்டு தி ரூம்", "ஐ ரீச்ட் டு சென்னை", "ஷி மேரீட் வித் மை பிரதர்". ஐந்திலும் பிரிபொசிஷனை எடுத்துவிட்டால் வாக்கியம் சரியாகிவிடும்.

முதல் காரணம் தமிழ். நாம் பிரச்சினையைப் 'பற்றி'ப் பேசுகிறோம், அறைக்கு'உள்' நுழைகிறோம், சென்னை'க்கு'ப் போய்ச் சேர்கிறோம். அந்த உருபுக்கு ஆங்கிலத்திலும் ஓர் ஆளை நிறுத்தாவிட்டால் நமக்கு ஏதோ குறைவது போல இருக்கிறது. ஆனால் டிஸ்கஸ் என்ற சொல்லுக்குள்ளேயே 'பற்றி' இருக்கிறது, என்டருக்குள்ளேயே 'உள்ளே' இருக்கிறது.

இரண்டாவது காரணம் இதைவிட நுட்பமானது. அதே சொல் பெயராக வரும்போது பிரிபொசிஷன் வேண்டும், வினையாக வரும்போது வேண்டாம். பெயரில் கேட்டுப் பழகிய காது அதை வினையிலும் கேட்கிறது. "எ டிஸ்கஷன் அபவுட் தி ப்ராப்ளம்" சரி. "வி டிஸ்கஸ்ட் தி ப்ராப்ளம்" சரி. "எ ரெக்வெஸ்ட் ஃபார் லீவ்" சரி, "ஐ ரெக்வெஸ்ட் டூ டேஸ் லீவ்" சரி. "எ விசிட் டு மதுரை", ஆனால் "ஐ விசிட்டட் மதுரை". "தி ஆன்ஸர் டு தி கொஸ்டின்", ஆனால் "ஆன்ஸர் தி கொஸ்டின்". எம்ஃபஸிஸ் என்ற பெயருக்கு 'ஆன்' வேண்டும், எம்ஃபஸைஸ் என்ற வினைக்கு வேண்டாம். லேக், டிமாண்ட், ஆர்டர், கான்டாக்ட், அட்டாக் எல்லாம் இதே குடும்பம்.

ஆகவே சோதனை இதுதான்: சந்தேகச் சொல்லுக்கு முன்னால் 'எ' அல்லது 'தி' நிற்கிறதா? நின்றால் அது பெயர், பிரிபொசிஷன் இருக்கட்டும். ஐ, வி, ஹி என்று ஆள் நின்றால் அது வினை, எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். டிஸ்கஸ், ரெக்வெஸ்ட், என்டர், ரீச், மேரி, ஆன்ஸர், விசிட், ஆர்டர், எம்ஃபஸைஸ், கான்டாக்ட் ஆகிய இந்தப் பத்து வினைகளை மட்டும் ஒரு அட்டையில் எழுதி மேசையில் ஒட்டிவையுங்கள். என் மேசையில் அப்படி ஒன்று இருக்கிறது. பாதிக்கு மேல் வேலை அதிலேயே முடிந்துவிடுகிறது.

இரண்டு விதிவிலக்கு. ஒப்பந்தம் செய்துகொள்வதைச் சொல்லும்போது "என்டர் இன்டு" சரியான வழக்கு. ரீச் என்பதற்குப் பதில் அரைவ் போட்டால் பிரிபொசிஷன் கட்டாயம் வேண்டும்: ஊர், நாடு என்றால் "அரைவ் இன்", ஸ்டேஷன், ஆபீஸ் என்றால் "அரைவ் அட்".

இதே அறிகுறியில் சின்னதாக இன்னும் சில. ஹோம், ஹியர், தேர், அப்ராட் ஆகியவற்றுக்கு முன்னால் 'டு' வராது: "கோ ஹோம்", "கம் ஹியர்". நெக்ஸ்ட், லாஸ்ட், திஸ், எவ்ரி என்று தொடங்கும் நாளுக்கு முன்னால் 'ஆன்' வராது: "நெக்ஸ்ட் மண்டே" போதும். "கோப் அப் வித்" என்பதில் 'அப்' வேண்டாம்.

அறிகுறி 2: இருக்க வேண்டிய பிரிபொசிஷன் காணாமல் போயிருக்கிறது

சுலபமான காரணம், வினையை அரைகுறையாக மனப்பாடம் செய்தது. "எக்ஸ்ப்ளெய்ன் மீ" என்று எழுதுகிறார்கள், "எக்ஸ்ப்ளெய்ன் டு மீ" என்று வர வேண்டும். "லிஸன் மீ" என்பது "லிஸன் டு மீ". டெல் என்ற சொல்லுக்கு 'டு' வேண்டாம், ஸே என்ற சொல்லுக்கு வேண்டும்: "டெல் மீ", "ஸே டு மீ".

ஆழமான காரணம் பலருக்குத் தெரிவதில்லை. "நான் குடியிருக்கும் வீடு" என்கிறோம். வீட்டில் குடியிருக்கிறேன் என்பதில் இருந்த 'இல்' எங்கே போனது? பெயரெச்சம் அதை விழுங்கிவிட்டது. தமிழில் அது குறையே இல்லை, அழகு. ஆனால் ஆங்கிலம் அதை விழுங்கவிடாது. "தி ஹவுஸ் ஐ லிவ்" என்றால் வாக்கியம் பாதியில் நின்றுவிடும், "தி ஹவுஸ் ஐ லிவ் இன்" என்று முடிக்க வேண்டும். வேலை விண்ணப்பங்களில் "தி கம்பெனி விச் ஐ வொர்க்ட்" என்று வாராவாரம் பார்க்கிறேன். "தி கம்பெனி ஐ வொர்க்ட் ஃபார்" என்று வர வேண்டும். 'எழுத ஒரு பேனா' என்பதும் அப்படித்தான்: "எ பென் டு ரைட் வித்".

சோதனை: அந்தச் சொற்களைக் கழற்றி நேர் வாக்கியமாக்குங்கள். "ஐ வொர்க்ட் — தி கம்பெனி." நடுவே ஓட்டை தெரிகிறதா? அங்கே வரும் 'ஃபார்' தான் முதல் வாக்கியத்தின் கடைசியில் போய் உட்கார வேண்டும். பிரிபொசிஷனில் வாக்கியம் முடியக்கூடாது என்று பள்ளியில் சொல்லித் தந்திருப்பார்கள். பயப்பட வேண்டாம், நல்ல ஆங்கிலத்தில் அது தாராளமாக முடிகிறது. ரொம்ப முறையான கடிதம் என்றால் "தி கம்பெனி ஃபார் விச் ஐ வொர்க்ட்" என்று முன்னால் கொண்டுவரலாம்.

அறிகுறி 3: இடத்தைச் சொல்லும்போது இன், ஆன், அட் குழப்பம்

தமிழில் ஒரே 'இல்' எல்லா இடத்தையும் பார்த்துக்கொள்கிறது. மேசையில், வீட்டில், மாடியில், டிவியில், ஊரில். ஆங்கிலத்தில் அதை மூன்றாகப் பிரிக்க வேண்டும்.

முதலில், அந்த இடத்தை எப்படிப் பார்க்கிறீர்கள் என்று கேளுங்கள். சுற்றிலும் எல்லை இருந்து உள்ளே இருந்தால் இன்: "இன் தி ரூம்", "இன் மதுரை". பரப்பின் மேலோ கோட்டின் மேலோ இருந்தால் ஆன்: "ஆன் தி டேபிள்", "ஆன் தி ஃபர்ஸ்ட் ஃப்ளோர்", "ஆன் பேஜ் 10". வரைபடத்தில் ஒரு புள்ளியாக நினைத்தால் அட்: "அட் தி பஸ் ஸ்டாப்", "அட் தி கேட்". முகவரியில் ஊருக்கு இன், கதவு எண்ணுக்கு அட்.

அதிகம் தவறும் இடம் முதல் மாடி. "இன் தி ஃபர்ஸ்ட் ஃப்ளோர்" என்றே எல்லாரும் எழுதுகிறார்கள். தளம் என்பது பரப்பு, அதனால் ஆன். டிவியும் போனும் ஆன்: "ஐ சா இட் ஆன் டிவி", "ஷி இஸ் ஆன் தி ஃபோன்". செய்தித்தாளில் வந்தது என்றால் இன்.

வண்டிகளுக்கு ஒரு எளிய சோதனை. உள்ளே எழுந்து நடக்க முடிகிற வண்டி என்றால் ஆன்: பஸ், ரயில், விமானம், கப்பல். குனிந்து ஏறி உட்கார மட்டும் முடிகிறது என்றால் இன்: கார், டாக்ஸி, ஆட்டோ. ஏறி அமர்கிற சைக்கிள், பைக் எல்லாம் ஆன். 'பை' போட வேண்டுமானால் வண்டிப் பெயர் தனியாக நிற்க வேண்டும்: "பை பஸ்", "பை கார்". நடுவில் 'மை' வந்துவிட்டால் "இன் மை கார்" என்று மாறிவிடும்.

விடுப்பும் பணியும் இடம் இல்லை, நிலை. "இன் லீவ்" என்று எழுதாதீர்கள், "ஆன் லீவ்", "ஆன் டியூட்டி".

அறிகுறி 4: நேரத்தைச் சொல்லும்போது எதிராளி தப்பாகப் புரிந்துகொள்கிறார்

மற்ற பிழைகளில் ஆங்கிலம் கொஞ்சம் அசிங்கமாகும், அவ்வளவுதான். இங்கே காரியமே கெட்டுவிடும். ஒரு பையன் இன்டர்வியூவுக்கு "ஐ வில் பி தேர் டில் 5" என்று மெயில் அனுப்பிவிட்டு வந்தான். ஐந்து மணிக்குள் வந்துவிடுவேன் என்பது அவன் எண்ணம். படித்தவர்களோ, ஐந்து வரைதான் இருப்பான் என்று புரிந்துகொண்டு நேரத்தை மாற்றிவிட்டார்கள். அன்றிலிருந்து இந்தப் பிழையைக் கண்டால் நான் விடுவதே இல்லை.

நல்ல செய்தி என்னவென்றால், இந்த ஒரு இடத்தில் தமிழ் நம்மைக் காப்பாற்றும். 'வரை' என்று மனசில் வந்தால் டில் அல்லது அன்டில். 'க்குள்' என்று வந்தால் ஒரு கேள்வி கேளுங்கள்: அடுத்து இருப்பது புள்ளியா, நீளமா? ஐந்து மணி, வெள்ளிக்கிழமை, மார்ச் 31 எல்லாம் புள்ளி. ஒரு மணி நேரம், மூன்று நாள், இரண்டு வாரம் எல்லாம் நீளம். புள்ளிக்கு பை: "பை ஃபைவ் ஓ கிளாக்", "பை ஃபிரைடே". நீளத்துக்கு விதின்: "விதின் த்ரீ டேஸ்". "விதின் ஃபைவ் ஓ கிளாக்" என்று நம் ஊரில் சகஜமாகச் சொல்கிறோம், ஆனால் அது புள்ளியை நீளமாக அளக்கிற வேலை.

இதே கேள்விதான் சின்ஸ், ஃபார் குழப்பத்தையும் தீர்க்கிறது. "ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் டூ இயர்ஸ்" என்பதில் இரண்டு வருஷம் நீளம், ஆகவே ஃபார். 2019 என்பது புள்ளி, ஆகவே சின்ஸ். வினையையும் மாற்ற வேண்டும்: "ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் டூ இயர்ஸ்". 'நேற்றிலிருந்து காய்ச்சல்' என்பதற்கு "ஃப்ரம் எஸ்டர்டே" என்று விடுப்புக் கடிதங்களில் வரும். இன்னும் தொடர்கிற விஷயத்துக்கு "சின்ஸ் எஸ்டர்டே" தான். தொடக்கமும் முடிவும் சொன்னால் ஃப்ரம் நன்றாகப் பொருந்தும்: "ஃப்ரம் 2015 டு 2019".

'இரண்டு நாள் கழித்து வருவேன்' என்பதை "ஆஃப்டர் டூ டேஸ்" என்கிறோம். இன்றிலிருந்து எண்ணினால் "இன் டூ டேஸ்" என்பதே இயல்பு.

மணிக்கு அட், கிழமைக்கும் தேதிக்கும் ஆன், மாதத்துக்கும் வருஷத்துக்கும் இன். காலை, மாலைக்கு இன், இரவுக்கு மட்டும் "அட் நைட்". கிழமையோடு சேர்ந்தால் காலையும் ஆன் ஆகிவிடும்: "ஆன் மண்டே மார்னிங்".

அறிகுறி 5: 'மேல்' என்று நினைத்த இடத்திலெல்லாம் 'ஆன்' வந்திருக்கிறது

புகார் மனு எழுதுகிறவர்களிடம் இது நிறைய வரும். 'அவர் மேல் புகார்' என்பது "கம்ப்ளெய்ன்ட் ஆன் ஹிம்" ஆகிவிடும். "கம்ப்ளெய்ன்ட் அகெய்ன்ஸ்ட் ஹிம்" என்று இருக்க வேண்டும். அவர் மீது நடவடிக்கை என்றாலும் "ஆக்‌ஷன் அகெய்ன்ஸ்ட்". என் மேல் கோபம் என்றால் "ஆங்ரி வித் மீ". உன் மேல் நம்பிக்கை என்றால் "ஃபெய்த் இன் யூ". பிள்ளைகள் மேல் பாசம் என்றால் "லவ் ஃபார் ஹர் சில்ட்ரன்". ஒரு தமிழ் 'மேல்' எப்படியெல்லாம் பிரிகிறது பாருங்கள்.

இங்கே கேள்வி கேட்டு விடை கண்டுபிடிக்க முடியாது. முன்சொல் எதைக் கேட்கிறதோ அதைக் கொடுக்க வேண்டும். ஜோடியாகவே மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை: "அஃப்ரெய்ட் ஆஃப்", "ப்ரவுட் ஆஃப்", "குட் அட்", "இன்ட்ரஸ்டட் இன்", "மேரீட் டு", "ரீசன் ஃபார்", "காஸ் ஆஃப்", "சஃபரிங் ஃப்ரம்". கடைசி ஜோடி விடுப்புக் கடிதத்தின் புண்ணியத்தில் எல்லாருக்கும் சரியாக வருகிறது. அதிலிருந்தே தெரிகிறது, ஜோடியாகப் படித்தால் மறக்காது.

'விட' என்ற சொல்லும் இப்படிக் கவிழ்க்கும். 'என்னைவிட சீனியர்' என்பது "சீனியர் தேன் மீ" ஆகிவிடுகிறது. சீனியர், ஜூனியர், சுபீரியர், இன்ஃபீரியர் நான்கும் 'டு' கேட்கும். ப்ரிஃபரும் அப்படியே: "ஐ ப்ரிஃபர் காபி டு டீ".

அறிகுறி 6: 'ஆல்' வந்தால் எல்லாம் 'பை'

செய்தவர் மனிதர் என்றால் பை, கருவி என்றால் வித், செய்த பொருள் என்றால் ஆஃப். "ரிட்டன் பை ஹிம்", "கட் வித் எ நைஃப்", "மேட் ஆஃப் வுட்". 'காய்ச்சலால் இறந்தார்' என்பது "டைட் ஆஃப் ஃபீவர்".

அறிகுறி 7: 'டு' சரிதான், அதற்கு அடுத்த சொல் இடறுகிறது

கடிதத்தின் கடைசி வரி: "ஐ லுக் ஃபார்வர்ட் டு ஹியர் ஃப்ரம் யூ". 'டு' வுக்குப் பின்னால் சும்மா ஒரு பெயரைப் போட்டுப் பாருங்கள். "லுக் ஃபார்வர்ட் டு யுவர் ரிப்ளை" பொருந்துகிறது. பெயர் பொருந்தினால் அந்த 'டு' ஒரு பிரிபொசிஷன், வினை வரும்போது 'இங்' சேர்க்க வேண்டும்: "டு ஹியரிங் ஃப்ரம் யூ". "வான்ட் டு கோ" என்பதில் பெயர் பொருந்தாது, அங்கே 'இங்' வேண்டாம்.

அறிகுறி 8: இரண்டு நல்ல ஆட்கள் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள்

இது பிழையாகவே இல்லாமல் இருக்கலாம். பிரிட்டிஷ்காரர் "அட் தி வீக்கெண்ட்" என்பார், அமெரிக்கர் "ஆன் தி வீக்கெண்ட்" என்பார். "டிஃபரன்ட் ஃப்ரம்" இரண்டு பக்கமும் செல்லும், "டிஃபரன்ட் டு" பிரிட்டனில் கேட்கும், "டிஃபரன்ட் தேன்" அமெரிக்காவில் கேட்கும். தெருவுக்கு பிரிட்டனில் இன், அமெரிக்காவில் ஆன் என்று இதிலும் வேறுபாடு உண்டு. ஒரு கடிதத்துக்குள் ஒன்றையே பிடித்துக்கொள்ளுங்கள், போதும். சரியாக இருப்பதைத் திருத்தி நேரத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

எந்தக் கேள்வியிலும் தீரவில்லை என்றால்

செலவில்லாத வழி முதலில். ஆங்கிலம்–தமிழ் அகராதி இதற்குப் பெரும்பாலும் உதவாது, அது அர்த்தத்தைத்தான் சொல்லும். ஆங்கிலம் கற்பவர்களுக்கென்றே ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், லாங்மேன் அகராதிகள் இணையத்தில் இலவசமாக இருக்கின்றன. முன்சொல்லைத் தேடுங்கள், பிரிபொசிஷனைத் தேடாதீர்கள். எடுத்துக்காட்டு வாக்கியங்களில் அந்தச் சொல்லோடு வரும் பிரிபொசிஷனைத் தடித்த எழுத்தில் காட்டியிருப்பார்கள்.

அடுத்து, இரண்டு சொல்லையும் மேற்கோள் குறிக்குள் போட்டு கூகுளில் தேடுங்கள். எத்தனை லட்சம் முடிவு என்ற எண்ணை நம்ப வேண்டாம். எழுதியிருப்பது யார் என்று பாருங்கள். பெரிய பத்திரிகைகளிலும் பல்கலைக்கழகப் பக்கங்களிலும் வந்தால் நம்பலாம். அதற்கும் மேல் என்றால், நன்றாகப் படிக்கிற ஒருவரிடம் சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். இடறும் இடத்தில் அவர் குரல் தானாகவே நின்றுவிடும்.

எப்போது நிபுணரிடம் போக வேண்டும்

பணம், தேதி, உரிமை மூன்றில் ஒன்று அந்தச் சொல்லைப் பிடித்துத் தொங்கினால், நீங்களும் திருத்தாதீர்கள், என்னைப் போன்றவரிடமும் கொடுக்காதீர்கள். "தி சேலரி இஸ் ரெட்யூஸ்ட் டு 10,000" என்றால் இனி சம்பளம் பத்தாயிரம். "ரெட்யூஸ்ட் பை 10,000" என்றால் இருந்ததில் பத்தாயிரம் குறைகிறது. இருபத்தைந்தாயிரம் வாங்குகிறவருக்கு இந்த ஒரு சொல்லில் மாதம் ஐயாயிரம் வித்தியாசம். கடைசித் தேதியும் அப்படித்தான். அந்த நாளும் சேருமா என்ற சண்டையே வராமல் இருக்க, ஒப்பந்தங்களில் "ஆன் ஆர் பிஃபோர்" என்று எழுதுவார்கள். வாடகை ஒப்பந்தம், கிரயப் பத்திரம், உயில், கோர்ட்டுக்குப் போகும் தாள் என்றால் வழக்கறிஞர் பார்க்க வேண்டும். ஆய்வுக் கட்டுரை என்றால் அந்தத் துறை தெரிந்த எடிட்டர் பார்க்க வேண்டும்.

போகும்போது ஆங்கிலத் தாளை மட்டும் எடுத்துப் போகாதீர்கள். அந்த வாக்கியத்தால் என்ன சொல்ல நினைத்தீர்கள் என்பதைத் தமிழில் ஒரு வரி கீழே எழுதிக் கொடுங்கள். 'வரை'யா 'க்குள்'ளா என்பது அதில்தான் அவருக்குத் தெரியும்.